ஒரு சிரட்டை உறை

உசாந்திக்கு மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போயிருந்தன. எருமைக் காம்பு பசுக் காம்புபோல் இளகியதல்ல. இறுக்கிப் பிடித்து இழுத்தால்தான் பால் இறங்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பட்டியில் விடியலிலேயே குந்தியிருந்து கறந்தவளுக்குப் பெருவிரலை மடக்கினால் தோள்வரை இழுத்தது. வயிற்றில் வெறும் தேத்தண்ணீர்தான் கிடந்தது. இந்த லட்சணத்தில், தார் இளகும் வெயிலில், சோதனைச் சாவடிக்கு முன்னால் சைக்கிளைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கரியரின் இரண்டு பக்கமும் பால்கான்கள் தொங்கின.

"எப்ப விடுவாங்களாம்?" என்று முன்னால் நின்ற விறகுக்காரனைக் கேட்டாள்.

"பெரிய ஆக்கள்ட வாகனம் வருதாம். அது போனாத்தான். வடக்க சண்ட முடியப்போகுதாமே, அதுக்கு எங்களக் காயப்போட்டுக் கொண்டாடுறாங்க."

"எனக்குப் பால் பழுதாப் போகுது."

"உனக்குப் பால் போகுது, எனக்கு மண்ட போகுது. நில்லுகா."

அவள் கானின் மூடியைக் கொஞ்சம் நெம்பி மோந்து பார்த்தாள். காலையில் இருந்த இனித்த வாசம் இல்லை. மூக்கின் அடியில் மெல்லிய கூர் ஒன்று குத்தியது. மூடியை அமத்திவிட்டுத் தலைத்துண்டை எடுத்து, தண்ணீர்ப் போத்தலில் மிச்சமிருந்ததை ஊற்றி நனைத்துக் கானின் மேல் போட்டாள். அது உடனேயே காய்ந்தது.

இந்தப் பால் விற்கிற பால் அல்ல. இது அவளுடைய தம்பி சிவதர்ஷனுடைய உயிர்.

அவனை வயல்வட்டைக்குள் வைத்துத்தான் பிடித்தார்கள். எருமைகளை வாய்க்காலில் இறக்கிவிட்டு வரம்பில் இருந்தவனை, வெள்ளை வானில் வந்த இயக்கப் பொடியன்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசாங்கத்தோடு சேர்ந்துகொண்ட இயக்கம். ஊரில் அவர்களுடைய முகாமை யாரும் முகாம் என்று சொல்வதில்லை, ஒபிஸ் என்றுதான் சொல்வது. தாய் பாலசுந்தரி அந்த ஒபிஸ் கேற்றில் கிடந்து கத்திப் பார்த்தாள். பொலிசுக்குப் போனாள். முருகனுக்கு நேர்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், ஒபிசுக்கு அரிசியும் மீனும் ஏற்றிப்போகும் ஓட்டோக்கார வினாயகமூர்த்தி வழி சொன்னான்.

"நாளைக்குப் பின்னேரம் அங்க விருந்து. கொழும்பில இருந்தெல்லாம் ஆக்கள் வருகினம். நாலு சட்டி எருமத்தயிர் வேணுமெண்டு பொறுப்பாளர் சொன்னவர். நீங்க கொண்டு வாங்க. அந்த நேரம் ஆள் நல்ல குணத்தில இருப்பார், நான் பொடியன்ட கதைய எடுக்கன். ஆனா தயிர் தயிரா இரிக்கணும் அக்கா. அவர் சட்டியக் கவிழ்த்துப் பாப்பார். விழுந்திச்செண்டா நான் உங்களுக்குப் பக்கத்திலயும் நிக்க மாட்டன்."

"அடுத்த கிழம கொண்டாறன் எண்டா?"

"அடுத்த கிழம எங்கால? நாளையிண்டைக்கு விடிய உள்ளுக்க இரிக்கிற பொடியன்களை எங்கயோ மாத்துறாங்களாம். அங்க போனா நான் கத கேக்க ஏலாது."

வாகனங்கள் கொடி கட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய் முடிந்தபோது வெயில் உச்சியை விட்டு இறங்கியிருந்தது. உசாந்தி சைக்கிளை மிதிக்கவில்லை. மிதித்தால் பால் அலம்பும். சித்தாண்டி வரைக்கும் தள்ளிக்கொண்டே ஓடினாள்.

பாலசுந்தரி அடுப்பை மூட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். மகளைக் கண்டதும் கானில் கை வைத்தாள்.

"கொதிக்க வைப்பம், கொண்டா."

"பொறுங்க அம்மா. முதல்ல கரண்டியில வைச்சுப் பாப்பம்."

ஒரு கரண்டி பாலை எடுத்துத் தணலின் மேல் பிடித்தாள். பால் பொங்க எழும்பியது. எழும்பின இடத்திலேயே குறுணல் குறுணலாக உடைந்தது. நடுவில் பச்சைத் தண்ணீர் நின்றது. பாலசுந்தரி அடுப்புக்கு முன்னாலேயே இருந்துவிட்டாள்.

"போச்சு. என்ட புள்ள போச்சு."

"கரண்டிப் பால்தான் போனது. கானில இருக்கிறது இன்னும் திரியல்ல. சூடு காட்டினாத்தான் திரியும்."

உசாந்தி உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சோதனை எடுக்கவில்லை. நாவலடியில் இருந்த காலம் அது. தகப்பனுக்குக் கடல் தொழில், தோணியும் வலையும் சொந்தம். சனிக்கிழமை கல்லடியில் ரியூசன் வகுப்பில் அமினோ அமிலம் நடந்தது. மறுநாள் ஞாயிறு கடல் எழும்பி வந்து, தகப்பனையும் தோணியையும் வீட்டையும் அந்த ரியூசன் கொட்டிலையும் ஒரே அள்ளில் அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சிய மூன்று பேரும் தாயின் ஊரான சித்தாண்டிக்கு வந்து எருமைக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். படிப்பு அந்தச் சனிக்கிழமையோடு நின்றதால்தானோ என்னவோ, கடைசிப் பாடம் மட்டும் அவளுக்குள் அழியாமல் கிடந்தது.

அமினோ அமிலத்துக்கு இரண்டு முனை. ஒரு முனை ஐதரசன் அயனை விடும், மற்றது பிடிக்கும். சுற்றியுள்ள தண்ணீர் புளித்தால் இரண்டு முனையிலும் ஐதரசன் ஏறியிருந்து மொத்தமும் நேர் மின்னேற்றமாகும். காரமானால் இரண்டும் ஐதரசனைக் கழற்றிவிட்டு மறை மின்னேற்றத்தோடு நிற்கும். இடையில் ஓர் இடத்தில் நேரும் மறையும் சரிக்குச் சரி. அங்கே அது எந்தப் பக்கமும் இழுபடாது. இந்த அமினோ அமிலங்களைத்தான் ஆயிரக்கணக்கில் கோத்துப் புரதம் செய்திருக்கிறது. பாலிலுள்ள புரதத்துக்கு மறையேற்றம். எல்லாம் ஒரே ஏற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தள்ளுப்பாட்டில்தான் பால் பாலாக இருக்கிறது. வெயிலில் நின்று புளிப்பு ஏற ஏற, ஐதரசன் வந்து அந்த ஏற்றங்களை ஒவ்வொன்றாக அணைத்துவிடும். தள்ள ஆளில்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டும். சூடு காட்டினால் உடனே ஒட்டும்.

"அப்பச்சோடா இரிக்கா?" என்று கேட்டாள்.

பாலசுந்தரி நிமிர்ந்தாள். "பாலுக்குள்ள சோடாப் போடுறதா? களவு செய்யிறவன்தான் அப்பிடிச் செய்வான். நம்மட வீட்டில அது செய்யிறல்ல."

"புளிப்ப அது திண்டிரும். பால் பழையபடி நிக்கும்."

"தயிர் உறையுமா?"

"அளவோட போட்டா உறையும். கூடினா உறையாது. தயிருக்கும் புளிப்புத்தானே வேணும். இப்ப அவசரமா வந்த புளிப்பு அது. பிறகு உறை போட்டு மெதுவா வரவைப்பம். சூட்டில வந்தா திரியிற, ஆறுதலா வந்தா உறையிற. ரெண்டும் ஒரே சாமான்தான்."

"உன்ட படிப்பு எனக்கு விளங்கா. என்ட பொடியன் வரணும். அவ்வளவுதான்."

உசாந்தி சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, ஒவ்வொரு தடவையும் கரண்டியில் காய்ச்சிப் பார்த்தாள். குறுணல் சிறுத்தது. பிறகு மணலளவாயிற்று. பிறகு கரண்டிப் பால் பொங்கி, அடங்கி, வெள்ளையாக நின்றது. அதோடு நிறுத்தினாள். பெரிய பானைக்குள் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, விறகு போதாது என்று வளவின் பின்பக்கம் போனாள்.

அவள் திரும்பி வரும்போது பாலசுந்தரி அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தாள். பால் கொதித்தது. திரியவில்லை. தாயும் மகளும் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆடை கட்டியது. கொஞ்சம் மஞ்சள் பட்டாற்போல் இருந்தது. அடிப்பிடித்திருக்கும் என்று உசாந்தி நினைத்தாள். ஆறவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டில் சட்டிகளில் ஊற்றி, வீட்டிலிருந்த உறை முழுவதையும் கரைத்துவிட்டு, வைக்கோலுக்குள் புதைத்துச் சாக்கால் மூடினார்கள். அந்தப் பொழுது இருவருக்கும் சோறு இறங்கியது.

விடிந்ததும் உசாந்தி சாக்கை விலக்கினாள். முதல் சட்டியை மெல்லச் சரித்தாள். மேலே ஆடை, கீழே பால் அலையடித்தது. இரண்டாவதும் அப்படி. நான்கும் அப்படியே.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பே இல்லை. சவர்க்காரம் பட்ட கைபோல் வழுவழுத்தது.

அவள் அடுக்களைக்குள் போய் மஞ்சள்தூளை நனைத்து வெள்ளைச் சீலைத்துண்டில் பூசினாள். அதன்மேல் ஒரு சொட்டுப் பால் விட்டாள். மஞ்சளின் நடுவில், ஆராத்தித் தண்ணீரைப்போல், செம்மை படர்ந்தது.

"நான் போட்ட சோடாவுக்கு இது சிவக்கக் கூடா," என்றாள். "அம்மா."

பாலசுந்தரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போட்டயளா?"

"நீ விறகுக்குப் போனாப் பிறகு பால் ஓரத்தில ஒருமாதிரி நுரைச்சுது மனே. திரியப் போகுதெண்டு பயந்திட்டன். ஒரு கை போட்டன்."

"ஒரு கையா?"

"பயத்தில கை அளவு பாக்குமா?"

உசாந்தி சுவரில் சாய்ந்தாள். தாயை ஏசுவதற்கு வாய் வந்தது. ஏசி என்ன? ஏற்றம் எல்லாம் திரும்பி வந்து, தேவைக்கு மேலேயே வந்து, அந்தப் புரதமெல்லாம் இப்போது ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டு உறையில் இருந்த புளிப்பெல்லாம் சோடாவோடு மல்லுக்கட்டியே செத்திருக்கும்.

"தேசிக்காய் புளிஞ்சு விடுவமா?" என்று எலுமிச்சங்காயைக் காட்டிப் பாலசுந்தரி தயங்கிக் கேட்டாள்.

"விட்டா விட்ட இடத்தில கட்டியாகும், மற்ற இடம் பாலா நிக்கும். அதக் கவிழ்த்தா சட்டியோட நம்மட குடும்பமும் விழும். நல்ல புளிச்ச உறை வேணும். நிறைய வேணும். இப்ப."

"ஊருக்குள்ள ஆர் தருவா? எல்லாம் பட்டிய விட்டுட்டு ஓடிட்டுகள்."

"ஏறாவூரில நஸீறா."

பாலசுந்தரி முகத்தைத் திருப்பினாள். நஸீறா அவளோடு சந்தையில் அருகருகே இருந்து தயிர் விற்றவள்தான். ஆனால் போன வருஷத் தமிழ், முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒன்றின் தெருவில் மற்றது கால் வைக்கப் பயந்து கிடந்தன. "அங்க தனியப் போகப் போறியா நீ?"

"ரெண்டு பேர் போனா பயம் குறையுமா? நீங்க உமியச் சூடாக்கி வைங்க."

ஏறாவூர்த் தெருவில் கடைப்பலகைகள் பாதிதான் திறந்திருந்தன. பொட்டு வைத்த ஒருத்தி சைக்கிளில் போவதை ஆட்கள் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கூடப் பயமாயிருந்தது. நஸீறா வளவுக்குள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கட்டையான உடம்பு, கையெல்லாம் கரி.

"பாலசுந்தரிட மகளா? என்னடி புள்ள, ஆளே அடையாளம் தெரியல்ல. ஒன்ட உம்மா உசிரோட இரிக்காளா?"

"இருக்கா, ராத்தா. உறை வேணும்."

"எவ்வளவு?"

"ஒரு சிரட்டை முட்ட."

நஸீறா சட்டியைக் கீழே வைத்தாள். "ஒரு சிரட்டையா? அது என்னட்ட இரிக்கிற முழுசும். ஊருக்கே தயிர் போடப் போறியா?"

உசாந்தி சொன்னாள். தம்பியைப் பிடித்தது, விருந்து, சோடா, எல்லாம். ஒபிஸ் என்ற சொல் வந்ததும் நஸீறாவின் வாய் இறுகியது.

"என்ட தம்பிட கடைய உடைச்சது ஆரெண்டு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதானா வந்தாய்?"

"வேற ஆரிட்டயும் இல்ல, ராத்தா."

நஸீறா எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. போய்விடுவோமா என்று உசாந்தி யோசிக்கிறபோது, வாழையிலையால் மூடிய சிரட்டையோடு வந்தாள். மூடியிருந்தும் புளிப்பு மணந்தது.

உசாந்தி இடுப்பில் முடிந்திருந்த காசில் கை வைத்தாள். நஸீறா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"உறைக்குக் காசு வாங்கினா என்ட சட்டி பிறகு உறையாது. ஒனக்குத் தெரியாதா? ஒன்ட உம்மா பழக்கல்லியா?"

தெரியும். உறை கேட்டு வந்த ஆளுக்கு இல்லை என்று சொல்வதும் இல்லை, காசு வாங்குவதும் இல்லை. ஆனால் வாங்கியவர் அந்த உறையில் உறைந்த தயிரிலேயே, அன்றைக்கே, விளக்கு வைக்குமுன்னம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு ஊரிலும் பால் காய்ச்சுகிற பெண்களிடம் இந்த ஒரு கணக்கு மட்டும் குழப்பத்திலும் மாறவில்லை.

"மஃரிபுக்கு முந்திக் கொண்டு வா. பின்னேரப் பால் உறைய வைக்க என்னட்ட வேற இல்ல. கேட்டியா? பொடியனுக்குத்தான் நான் தாறன். அவனுகளுக்கில்ல. அதயும் நினைவில வைச்சிக்கோ."

"கொண்டாருவன், ராத்தா."

"போ. தெருவில ஒருத்தனோடயும் கதைக்காத."

வீட்டுக்கு வந்து, சட்டிப் பாலை மறுபடி பானைக்குள் ஊற்றி, கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, நஸீறாவின் உறையைக் கட்டியில்லாமல் கரைத்தார்கள். சட்டிகள் நிரம்பின. ஐந்தாவதாக ஒரு சின்ன முட்டியையும் உசாந்தி நிரப்பி வைத்தாள்.

"அது எதுக்கு?"

"நஸீறாட. அவங்கட வீடு போற வழியில. குடுத்திட்டுப் போவம்."

சூடாக்கின உமிக்குள் சட்டிகளை இறக்கினார்கள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் பெரிய வேலையாக இருந்தது. திறந்து பார்க்கக்கூடாது, ஆட்டக்கூடாது, தூக்கக்கூடாது. உசாந்தி உமிக்குள் கை வைத்துச் சூடு மட்டும் பார்த்தாள். உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், புளிப்பு ஏறிக்கொண்டிருக்கும். முதலில் சோடாவைத் தின்ன வேண்டும். பிறகு ஏற்றங்களை அணைக்க வேண்டும். பிறகுதான் அந்த நடு இடம், நேரும் மறையும் சரியாகி, தள்ளினதெல்லாம் தள்ளுவதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பதைப் பிடிக்கிற இடம். மஞ்சள் சீலையை வைத்து அதைப் பார்க்க முடியாது. பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வினாயகமூர்த்தி ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தான். உசாந்தி ஒரு சட்டியைச் சரித்தாள். விளிம்போடு விளிம்பாக, அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்சம் சரித்தாள். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் கசிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நல்லம்."

"நேரம் இல்லகா. விருந்தாக்கள் வந்திட்டாங்க. ஏறு."

இரண்டு சட்டியை உசாந்தி மடியில் வைத்தாள். இரண்டைப் பாலசுந்தரி. முட்டி உசாந்தியின் பாதங்களுக்கிடையில். குழி வரும்போதெல்லாம் அவள் வயிற்றை எக்கி, உடம்பால் அடியை வாங்கிக்கொண்டாள்.

"மெதுவா போங்க அண்ணன்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னால போகும்."

ஏறாவூருக்கு முன்னால் சாவடி. சிப்பாய் ஒருவன் குனிந்து உள்ளே பார்த்தான். அவன் கையில் நீட்டுக் கம்பி. சாக்கு, மூட்டை, சட்டி எதுவானாலும் குத்திப் பார்க்கிற கம்பி.

"மொக்கத?" என்று கேட்டான், என்ன இது என்று.

"மீகிரி மாத்தயா," என்றாள் உசாந்தி. தயிருக்கும் வேண்டாம் என்பதற்கும் மட்டும்தான் அவளுக்குச் சிங்களம் தெரியும். "மீகிரி. எப்பா, மாத்தயா. எப்பா."

அவன் தயங்கினான். தயிரைக் கண்ட முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் பின்னால் நின்ற பெரியவன் ஏதோ அதட்ட, கம்பியைப் பாலசுந்தரியின் மடியிலிருந்த ஒரு சட்டிக்குள் அடிவரைக்கும் இறக்கினான். இழுத்தபோது ஆடை கிழிந்தது. துளைக்குள் பச்சைத் தண்ணீர் ஊறியது. பாலசுந்தரி தன்னையே குத்தினதுபோல் மூச்சை உள்ளே இழுத்தாள். உசாந்தி மற்றச் சட்டிகளின்மேல் குனிந்து கைகளால் மூடிக்கொண்டாள். அவன் அவளுடைய வீங்கின கைகளைப் பார்த்தான். பிறகு கம்பியைத் துடைத்துக்கொண்டு, "யன்ன, யன்ன," என்று போகச் சொன்னான்.

"நிப்பாட்டாதீங்க, பின்னால வாகனம் நிக்கிது," என்று யாரோ தமிழில் கத்தினார்கள். பின்னாலேயே ஜீப் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. நஸீறாவின் வாசல் படலை கண்ணுக்கு முன்னால் கடந்து போனது.

"அண்ணன், இஞ்ச ஒருக்கா—"

"விசரா உனக்கு? வரக்குள்ள பாப்பம்."

ஒபிஸ் தன்னாமுனைக்கு அப்பால் வாவிக் கரையில் இருந்தது. யாரோ வெளிநாட்டுக்குப் போனவரின் வீடு. முற்றத்தில் பந்தல், கதிரைகள், ஒலிபெருக்கியில் பாட்டு. தெருவில் போகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். வாங்கினவர்கள் சிரித்தபடி வாங்கி, வளைவு திரும்பினதும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் போனார்கள்.

பொறுப்பாளர் பின்வளவில் நின்றார். ஓட்டோவில் விட்டுப்போகப் பயந்து முட்டியையும் உசாந்தி கையோடு கொண்டுபோய்க் கால்மாட்டில் வைத்தாள். வயது அதிகமில்லை. குளித்து வந்த முகம், இஸ்திரி போட்ட சேட்டு.

"இவங்கதான், அண்ணன்," என்றான் வினாயகமூர்த்தி. "சித்தாண்டி ஆக்கள். பொடியனொண்டு இஞ்ச…"

"பொறு. முதல்ல சாமானப் பாப்பம்."

அவர் குனிந்து, கம்பி குத்தின சட்டியில் கை வைத்தார்.

"அது ஆமி குத்தின சட்டி," என்றாள் உசாந்தி. "மற்றதப் பாருங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேறொரு சட்டியைத் தூக்கினார். உள்ளங்கையில் ஏந்தி, நிதானமாக, பொடியன்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கவிழ்த்தார்.

பாலசுந்தரி கண்ணை மூடினாள். உசாந்தி மூடவில்லை. சட்டியின் வாய் நிலத்தைப் பார்த்தது. வெள்ளை வட்டம் ஒன்று அதற்குள் தொங்கியது. விளிம்பில் ஒரு துளி திரண்டு, நீண்டு, மண்ணில் விழுந்தது. நடுவில் லேசான குழிவு விழுந்ததை அவள் கண்டாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பிடித்திரு. பிடித்திருந்தது.

அவர் சட்டியை நிமிர்த்தினார். விரலால் ஓர் ஓரத்தை எடுத்து வாயில் வைத்தார்.

"இனிப்பா இருக்கு. புளிப்புக் காணாது. பரவாயில்ல, கொழும்பு ஆக்களுக்கு இதுதான் பிடிக்கும்." பொடியனிடம் திரும்பினார். "சித்தாண்டிப் பெடியனக் கூட்டி வா."

பாலசுந்தரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா நாலு சட்டி எண்டுதானே சொன்ன நான். இது மூண்டு." அவருடைய கண் உசாந்தியின் கால்மாட்டுக்குப் போனது. "அது என்ன முட்டி?"

"அது வேற ஆள்ட."

"ஆர்ட?"

உசாந்தி ஊரைச் சொல்லவில்லை. "உறை தந்த ஆள்ட. அந்த உறையிலதான் இது உறைஞ்சது. விளக்கு வைக்க முந்தித் திருப்பிக் குடுக்கணும். அவங்கட்ட வேற உறை இல்ல."

வினாயகமூர்த்தி அவளுடைய முழங்கையைக் கிள்ளினான். பொறுப்பாளர் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை. அதுதான் அவளை உறையச் செய்தது.

"இப்பிடிச் செய்வம். ஒண்டக் கொண்டு போ. தம்பியக் கொண்டு போறியா, முட்டியக் கொண்டு போறியா?"

வீட்டின் பின்கதவால் சிவதர்ஷன் வந்தான். தலை மொட்டை. சேட்டு அவனுடையதில்லை. வெளிச்சத்தைக் கண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆட்களைப் பார்க்காமல் நிலத்தையே பார்த்தபடி நின்றான்.

உசாந்தி குனிந்து முட்டியை எடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். மணிக்கட்டு வலித்தது.

"ஒரு சிரட்டையாவது எடுத்துத் தாங்க," என்றாள். கேட்டுவிட்டாள்.

"போ புள்ள. இருட்டப் போகுது."

ஓட்டோ வந்த வழியே திரும்பிப் போனது. சிவதர்ஷன் தாயின் மடியில் தலையை வைத்து, கால்களை மடக்கி, சின்னப் பிள்ளைபோல் கிடந்தான். பாலசுந்தரி அவனுடைய மொட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஏறாவூர் வந்தபோது பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்லி ஓய்ந்தது.

"நிப்பாட்டுங்க அண்ணன்."

"வேணாம் மனே," என்றாள் பாலசுந்தரி. "என்னத்தச் செல்லப் போறாய்? நாளைக்கு வந்து பாப்பம். பொடியன் இருக்கான் இல்லியா, வீட்ட போவம்."

"நிப்பாட்டுங்க."

நஸீறா படலையடியிலேயே நின்றாள். பின்னால் குசினியில் விளக்கு எரிந்தது; பெரிய பானையில் ஆறின பால் துணியால் மூடியிருந்தது. அவள் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். மொட்டைத் தலையைக் கண்டாள்.

"வந்திட்டானா?"

"ஓம், ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்." சொல்லிவிட்டு அவள் உசாந்தியின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறும் கை. "எங்க என்ட உறை?"

"முட்டியில வேறயா வைச்சிருந்தன். எடுத்திட்டாங்க."

"ஆரு?"

உசாந்தி ஓட்டோ வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ட உறைய அவனுகளா திண்டானுகள்?"

"ஓம்."

ஏசுவாள் என்று உசாந்தி காத்து நின்றாள், ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும். நஸீறா படலையைச் சாத்தினாள். கயிற்றை மாட்டினாள். குசினிக்குள் போய்ப் பானையின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு, பாலைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தப் பால் அன்றைக்கு உறையவில்லை. வட்டைக்குள் நெல் அறுத்து முடிந்த பிறகும், வானும் சாவடியும் மெல்ல மெல்லக் குறைந்த பிறகும், சிவதர்ஷன் மறுபடியும் எருமைக்குப் பின்னால் போகத் தொடங்கிய பிறகும், உசாந்தி முட்டியோடு இரண்டு தடவை ஏறாவூருக்குப் போனாள். இரண்டு தடவையும் அந்தப் படலை திறக்கவில்லை. அந்த உறையின் தயிர் அல்லாத வேறு தயிரை நஸீறா வாங்கவும் மாட்டாள்.

நஸீறாவுக்கு உசாந்தி ஒரு சிரட்டை உறை கடன்.